சிவப்புத் தாளில் வந்த சித்திரம்

கேலிச்சித்திரத்தின் கதை – 7

சென்ற இதழில் யோகோஹாமா துறைமுகத்தில் நின்றிருந்தோம். 1862இல் சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் அங்கே 'ஜப்பான் பஞ்ச்' இதழைத் தொடங்கினார். லண்டனில் 1841 முதல் வந்துகொண்டிருந்த 'பஞ்ச்' இதழின் பெயரையும் பாணியையும் அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர். 1874இல் எழுத்தாளர் கனகாகி ரோபுனும் ஓவியர் கவனாபே கியோசாயும் சேர்ந்து 'எஷின்பூன் நிப்போஞ்சி'யைக் கொண்டுவந்தபோதுதான் ஜப்பானியர் தங்கள் கையால், தங்கள் மொழியில், தங்கள் நாட்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். 1877இல் நோமுரா ஃபூமியோவின் 'மாருமாரு சின்பூன்' வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1875இல், அவதூறுச் சட்டமும் பத்திரிகை விதிகளும் வந்துவிட்டன. 1889இல் மியாதகே கைகோட்சு என்ற இளைஞர், மெய்ஜி மன்னர் அரசியல் சட்டத்தை வழங்கும் காட்சியில் மன்னர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எலும்புக்கூட்டை வரையச் செய்து வெளியிட்டார். அதற்காக மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

1905இல் கிதசாவா ராகுதென் 'டோக்கியோ பக்' இதழைத் தொடங்கினார். வண்ணத்தில் அச்சாகி, படங்களுக்கு ஜப்பானியம், ஆங்கிலம், சீனம் ஆகிய மூன்று மொழிகளில் விளக்கம் தந்த இதழ் அது.

அதற்கு அடுத்த ஆண்டு சென்னையில் நடந்ததுதான் இந்த இதழின் கதை. அதை நம் கொடைரோட்டிலிருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இருப்புப்பாதை வந்த பிறகு

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டே அது தூத்துக்குடி வரை நீண்டது. அந்தப் பாதையில் அம்மையநாயக்கனூர் என்ற பெயரில் நின்ற நிலையம்தான் இன்றைய கொடைரோடு. கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சென்று, அங்கிருந்து டோலியில் மேலேறினார்கள். அதனால் இந்த நிலையத்தின் வரலாறு என்றாலே மலைக்குப் போன துரைமார்களின் வரலாறு என்று எழுதிவிட்டார்கள்.

இந்தத் தண்டவாளம் இன்னொன்றையும் சுமந்தது. சென்னையில் அச்சான பத்திரிகைகள் அஞ்சல் பைகளில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போனது இந்த வழியில்தான். தெற்குச் சீமையின் அரசியல் சூடேறியதில் இந்தப் பைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கொடைரோட்டிலிருந்து நிலக்கோட்டையைத் தாண்டினால் வத்தலக்குண்டு. 1872இல் அங்கே பிறந்த பி. ஆர். ராஜமையர், 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார். தமிழ் நாவலின் தொடக்க வரிசையில் நிற்கும் அந்நூலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வருகிறார். படிப்பின் கனம் தலைக்கேறிய பண்டிதரை இத்தனை அன்போடும் இத்தனை கூர்மையோடும் கேலி செய்த எழுத்து அதுவரை நம் உரைநடையில் இல்லை. கோடுகளால் வரையாத குறைதான். மற்றபடி அது முழுமையான கேலிச்சித்திரம். ராஜமையர் 1898இல் இருபத்தாறு வயதில் மறைந்தார்.

அதே வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4ஆம் நாள் சுப்பிரமணிய சிவா பிறந்தார். அவர் இந்தக் கதையில் பிறகு வருவார்.

மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்

கேலி இதழ்களில் தமிழ் முந்தவில்லை. 1850இல் 'டெல்லி ஸ்கெட்ச் புக்', 1872இல் கல்கத்தாவில் 'இந்தியன் சாரிவாரி' என்று இங்கிருந்த ஐரோப்பியர்கள் முதலில் நடத்தினார்கள். ஆங்கிலம் படித்த இந்தியக் குமாஸ்தாவை ஏளனம் செய்வது அவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. யோகோஹாமாவில் விர்க்மன் செய்ததைப்போல இங்கும் சிரித்தவர் வெளியிலிருந்து வந்தவர். சிரிப்புக்கு இலக்கானவர் இந்த மண்ணின் ஆள்.

இலக்கானவர்கள் அப்படியே இருந்துவிடவில்லை. பம்பாயில் 1854இலேயே 'பார்சி பஞ்ச்' வந்தது. கல்கத்தாவில் 1874இல் 'வசந்தக்' என்ற வங்காள இதழ் மாநகராட்சியின் குளறுபடிகளைப் படம் போட்டுக் காட்டியது. லக்னோவில் 1877இல் முன்ஷி சஜ்ஜாத் ஹுசைன் 'அவத் பஞ்ச்' என்ற உருது இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே வைஸ்ராய் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் பூட்டுப் போடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஜப்பானில் 1875, இந்தியாவில் 1878. மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசுகளும் ஒரே முடிவுக்கு வந்திருந்தன.

1906 மே 9

தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் பத்திரிகையின் நிலையான உறுப்பானது 'இந்தியா' வார இதழில். 1906 மே 9ஆம் நாள் சென்னையில் அது தொடங்கியது. பணம் போட்டவர் மண்டயம் எஸ். என். திருமலாச்சாரி. எழுத்தும் உயிரும் சுப்பிரமணிய பாரதி. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

1904 நவம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'சுதேசமித்திரன்' இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் பாரதி. பத்திரிகைத் தொழிலை அங்கேதான் கற்றார். ஆனால் அவர் நினைத்ததை எல்லாம் எழுத அங்கே இடம் இல்லை. 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு ட்சுஷிமா கடற்போரில் ஜப்பான் ரஷ்யாவை வென்றது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை முறியடித்த செய்தி இந்திய இளைஞர்களின் முதுகெலும்பை நிமிர்த்தியது. அந்த வேகத்தில் பிறந்த இதழ் 'இந்தியா'. பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் அது தன் கொள்கையாக அறிவித்தது. சிவப்பு நிறத் தாளில் அச்சானது. முகப்பில் கருத்துப்படம் போட்டது.

அன்றைக்கு இது எளிய வேலை இல்லை. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலம். படம் வேண்டுமென்றால் தனியாக பிளாக் செய்தாக வேண்டும். ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும், அல்லது உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்க வேண்டும். அந்தக் கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாக மை வாங்கும். ஒரு பத்தி எழுதுவதற்கு ஆகும் செலவையும் நேரத்தையும்விட ஒரு படத்துக்கு ஆவது பல மடங்கு. கையில் காசு புரளாத ஒரு வார இதழ் அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

ஏன் ஏற்றது என்பதற்கு அன்றைய தமிழ்நாடே பதில். சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்பவர் கையில் படம் போய்ச் சேர்ந்தால் அவரும் படித்தவர் ஆகிறார். கர்சன் யார், மிதவாதி யார், சுதேசி என்றால் என்ன என்று நான்கு பத்தியில் சொல்வதை ஒரு படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். பாரதி இதைப் புரிந்துகொண்டிருந்தார்.

கருத்து பாரதியுடையது, வரைந்தது வேறு கை. அந்தக் கருத்துகளை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் முக்கியம். லண்டன் 'பஞ்ச்' இதழுக்கு கிரேக்கப் புராணமும் ஷேக்ஸ்பியரும் பின்புலம். பாரதி நம் இதிகாசங்களையும் பஞ்சதந்திரக் கதைகளையும் பழமொழிகளையும் எடுத்துக்கொண்டார். தெருக்கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் பழகிய பாத்திரங்கள் அரசியல் வேடம் கட்டி வந்தார்கள். படத்தோடு விளக்கமும் சேர்த்து எழுதினார். கருத்துப்படம் பார்ப்பதற்கு ஒரு தலைமுறையையே அவர் பழக்கினார் என்று சொல்லலாம்.

அந்த ஆண்டுகளில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1907 மே மாதம் லாலா லஜபதி ராய் நாடு கடத்தப்பட்டார். அதே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார். டிசம்பரில் சூரத் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. வாரந்தோறும் ஒரு திருப்பம். வாரந்தோறும் ஒரு படம். இந்த நாட்டின் பெரிய தலைவர்கள் உருவத்தோடு தமிழ் வாசகனுக்கு முன்னால் வந்து நின்றது இப்படித்தான்.

1908: விலை

1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் போராட்டத்தின் சூடு அப்போது தணிந்திருக்கவில்லை. ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலியில் தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், வத்தலக்குண்டுக்காரரான சிவாவுக்குப் பத்து ஆண்டுகள். மேல்முறையீட்டில் அவை குறைந்தன. அதே ஜூலையில் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை கிடைத்தது. பத்திரிகைகளுக்கு எதிரான புதிய சட்டம் ஒன்று ஜூன் மாதமே வந்திருந்தது.

அடுத்த குறி 'இந்தியா'. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் மு. சீனிவாசன். போலீஸ் அவரைப் பிடித்தது. ஐந்து ஆண்டு சிறை கிடைத்தது. எலும்புக்கூட்டுப் படத்துக்காகச் சிறை சென்ற மியாதகேயை உலகக் கேலிச்சித்திர வரலாறுகள் நினைவில் வைத்திருக்கின்றன. சீனிவாசனை நம் பள்ளிப் பாடங்கள்கூட நினைப்பதில்லை. பாரதியின் எழுத்துக்காகவும் படங்களுக்காகவும் சிறை சென்ற மனிதர் அவர். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதி புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண். 1908 அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வந்தது. இம்முறை துணை நின்றவர்கள் மண்டயம் குடும்பத்தின் சீனிவாசாச்சாரியாரும் மற்றவர்களும். படங்கள் நிற்கவில்லை. பிரிட்டிஷ் போலீசின் கை எட்டாத இடத்திலிருந்து அவை இன்னும் துணிவாக வந்தன. ஆனால் வாசகர்கள் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். அங்கே இதழ் நுழையக் கூடாது என்று தடை வந்தபோது மூச்சு முட்டியது. 1910 பிப்ரவரியில் புதிய அச்சகச் சட்டம் வந்தது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும், ஏற்கெனவே நடத்துவோரிடம் 5000 ரூபாய் வரை கேட்கலாம் என்றது அது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது.

நின்றுபோன அந்தக் காலத்தில்தான் பாரதி ஒரு பெரிய கனவு கண்டார். முழுக்க முழுக்கக் கருத்துப்படங்களுக்கே ஓர் இதழ், தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கங்களோடு. 'சித்திராவளி' என்று பெயரும் வைத்தார். பன்மொழி விளக்கத்தோடு 'டோக்கியோ பக்' வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. டோக்கியோவில் முதலீடும் வண்ண அச்சும் வாசகர் கூட்டமும் இருந்தன. புதுச்சேரியில் ஒரு கவிஞரின் மனம் இருந்தது, தெருமுனையில் ஒற்றர்கள் இருந்தார்கள். 'சித்திராவளி' வெளிவரவில்லை. தமிழுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

சிவா தந்த இடம்

1912இல் சிறையிலிருந்து வெளியே வந்த சிவாவைத் தொழுநோய் பற்றியிருந்தது. அந்த உடம்போடு 1913இல் சென்னையில் 'ஞானபாநு' மாத இதழைத் தொடங்கினார். பாரதிக்கு எழுத இடமே இல்லாத நேரத்தில் அவர் தன் பக்கங்களைத் திறந்துவிட்டார். பாரதியின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது. ஒரு ஜமீன் அவையையும் அதன் வெற்றுப் புலமையையும் தோலுரிக்கும் கதை அது. ராஜமையர் பிறந்த ஊரிலேயே பிறந்த சிவாதான், ராஜமையருக்குப் பிறகு தமிழில் வந்த மிகக் கூரிய கேலி உரைநடைக்கும் மேடை அமைத்தார். படம் போட வழியில்லாத நாளில் சொல்லே அந்த வேலையைச் செய்தது.

தொழுநோயாளி என்று காரணம் காட்டி, சிவா ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். 1925 ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். நம் ஊர் வழியே ஓடும் ரயில் சாதாரணப் பயணிகளுக்கெல்லாம் இடம் கொடுத்த காலத்தில், இந்த மண்ணின் மைந்தனுக்கு அதில் இடம் மறுக்கப்பட்டது. கொடைரோட்டு நிலையத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டு எழுத்து, இருநூறு ரூபாய்

1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1926இல், பூதூர் வைத்தியநாதையர் சென்னையில் 'ஆனந்த விகடன்' என்ற நகைச்சுவை மாத இதழைத் தொடங்கினார். 1928இல் அதை எஸ். எஸ். வாசன் வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாயாக 200 ரூபாய் என்று அந்த விலையைப் பற்றிச் சொல்வார்கள். விளம்பரத் தொழிலில் கை தேர்ந்த வாசன், சிரிப்புக்குச் சந்தை உண்டு என்பதை அறிந்திருந்தார். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி முதலில் கட்டுரை எழுதி, 1931 முதல் ஆசிரியப் பொறுப்பில் அமர்ந்தபோது எழுத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. கோட்டுக்கு ஆளாக வந்தவர் மாலி என்ற டி. ஆர். மகாலிங்கம்.

பாரதியின் படத்தில் கருத்து முன்னே நின்றது, கோடு அதற்குப் பின்னால் வந்தது. மாலியிடம் கோடே பேசியது. மேடையில் பாடும் வித்துவானின் கழுத்துச் சாய்வு, கச்சேரி கேட்பவரின் தலையாட்டல், தலைவரின் மூக்கு என்று நான்கைந்து வளைவுகளில் ஆளை முழுதாகக் கொண்டுவந்து நிறுத்தினார். விளக்கம் தேவைப்படாத தமிழ்க் கேலிச்சித்திரம் அவரோடு தொடங்குகிறது. பின்னாளில் ஓவியர் கோபுலு வளர்ந்ததும் அவர் காட்டிய வழியில்தான்.

நம் பக்கத்து இளைஞர்களையும் 'விகடன்' ஈர்த்தது. வத்தலக்குண்டில் 1905இல் பிறந்து, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று வந்த பி. எஸ். ராமையா தன் முதல் கதையான 'மலரும் மணமும்' எழுதி அனுப்பியது 'விகடன்' நடத்திய சிறுகதைப் போட்டிக்கு. அது பரிசு பெற்றது. பிறகு அவர் 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக நடத்தித் தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றினார். வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கினார். ராஜமையர், சிவா, ராமையா, செல்லப்பா. ஒரு சிறிய ஊர் தமிழ் இதழியலுக்குக் கொடுத்த கொடை இது.

ஆட்சி மாறினாலும்

விடுதலைக்குப் பிறகு படங்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1987 மார்ச் மாதம் 'ஆனந்த விகடன்' அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் பற்றி ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. ஏப்ரலில் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்குப் பிறகு 'விகடன்' இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை நீக்கச் சொன்னது, அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மெய்ஜி மன்னரின் அரசு, பிரிட்டிஷ் அரசு, நாமே வாக்களித்து அமைத்த அரசுகள் என மூன்றும் ஒரு படத்தைக் கண்டு பதறியிருக்கின்றன. நீண்ட தலையங்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் ஒரு சின்னப் படத்தைப் பொறுப்பதில்லை. தலையங்கம் படித்தவரோடு நின்றுவிடும், படம் எல்லோரிடமும் போகும் என்பது அதற்குத் தெரியும். பாரதிக்கும் அது தெரிந்திருந்தது. ஜப்பானில் வெளிநாட்டவர் ஒருவர் தொடங்கி வைத்ததைப் பிறகு அந்நாட்டார் தமதாக்கிக்கொண்டார்கள். தமிழில் அரசியல் கேலிச்சித்திரம் தொடக்கத்திலேயே விடுதலைக்காகப் பிறந்தது. அதை நாம் பெருமையோடு சொல்லலாம்.

பெருமை மட்டும் போதாது. 'டோக்கியோ பக்' இதழ்களை ஜப்பானியர் அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கிறார்கள். கிதசாவா ராகுதெனுக்கு அவர் வாழ்ந்த இடத்திலேயே நினைவகம் இருக்கிறது. நம் 'இந்தியா'வின் எல்லா இதழ்களும் இன்று கிடைப்பதில்லை. ரா. அ. பத்மநாபன், இளசை மணியன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடித் திரட்டியதால்தான் பாரதியின் இதழியல் எழுத்து நமக்கு மிஞ்சியது. அந்தக் கருத்துப்படங்களைத் தொகுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் நூலாக்கினார். தனி மனிதர்களின் உழைப்பில் தப்பிப் பிழைத்த வரலாறு இது.

கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, திண்டுக்கல் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பாட்டனார் வைத்திருந்த டிரங்குப் பெட்டியில், பழைய பள்ளி நூலகத்தின் மூலையில் 1950க்கு முந்தைய தமிழ் இதழ்கள் கிடக்கக்கூடும். அட்டை கிழிந்திருக்கலாம், கரையான் அரித்திருக்கலாம், பாதிதான் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய இதழ்களைப் பாதுகாத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களை மின்னாக்கம் செய்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு இதழ் கிடைத்தாலும், சிறை சென்ற ஒருவரின் உழைப்பை நீங்கள் காப்பாற்றியவர் ஆவீர்கள்.

(தொடரும்)